கேட்போர் கையிற் கதை

விளையாட்டைப் பற்றி இலக்கியப் பகுதியில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் சிலர் இருப்பர். கூத்தை இழிதொழில் என்று ஒதுக்கியவர்களும், நாவலைப் பெண்டிர் கையிற் கொடுக்கலாகாதென்று தடுத்தவர்களும், சினிமாவைச் சீரழிவு என்று சபித்தவர்களும் நம்மவருள் இருந்தனர் என்பதை அவர்கட்கு நினைவூட்டிவிட்டு மேலே செல்வோம். இன்று நம் தோட்டத்து இளைஞர்கள் இரவு உணவு முடிந்ததும் எங்கே கதை கேட்கிறார்கள்? பாட்டி மடியிலன்று, கூத்துக் கொட்டகையிலுமன்று. கையளவுக் கண்ணாடித் திரையில் கேட்கிறார்கள். அங்கே என்ன கதை சொல்லப்படுகிறது, எவ்வாறு சொல்லப்படுகிறது என்பதை அறியாமல் அவர்களைக் கடிந்துகொள்வது அறிவுடைமையாகாது.

கோலா சாவாப் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் கிராணி வேலை பார்த்து வரும் நமக்கு இவ்வகை விளையாட்டுகளில் பெரும் பழக்கமில்லை. சிரம்பானில் கல்லூரியிற் பயிலும் நம் தம்பி சென்ற தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது, “அண்ணே, இது உங்க வேலை மாதிரியே இருக்கு, வந்து பாருங்க” என்று கணினிக்கு முன் இழுத்து உட்கார வைத்தான். அவ்விளையாட்டின் பெயர் ‘டிஸ்பாச்’. ஆளை அனுப்பிவைத்தல் என்பது அதன் பொருள். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 22 முதல் நவம்பர் 12 வரை, வாரம் இரண்டு பாகமாக எட்டுப் பாகங்களில் வெளிவந்தது. அதிவீரர்களைப் பற்றிய கதை; பாகம் பாகமாக வருவது; ஆடுவோர் இடையிடையே தெரிந்தெடுக்கும் வழிப்படி நடப்பதாகச் சொல்லப்படுவது. ‘நடப்பதாகச் சொல்லப்படுவது’ என்று நாம் எழுதியது கைதவறியன்று. அதனை ஆராய்வதற்கே இக்கட்டுரை.

இம்மூன்று இயல்புகளும் ஒருங்கே அமைந்த கதை புதிது என்று எண்ணுவோர் விக்கிரமாதித்தன் கதையை மறந்தவராவர். பதினோராம் நூற்றாண்டில் சோமதேவர் வடமொழியில் தொகுத்த கதைக்கடலில் இடம்பெற்றுப் பின்னர் பல மொழிகளிலும் புகுந்து, தமிழில் ‘வேதாளக் கதை’யாக வழங்கியது அது. அத்தமிழ்க் கதையை 1831இல் பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் மொழிபெயர்த்து லண்டனில் அச்சிட்டார். 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ மூலம் அது நம் சிறுவர்களின் சொத்தாயிற்று. முருங்கை மரத்து வேதாளத்தைத் தோளிற் சுமந்து செல்லும் அரசனிலும் சிறந்த அதிவீரன் யார்? வேதாளம் வழிநடைக்கு ஒரு கதை சொல்லும். கதை முடிவில் ஒரு வினா எழுப்பும். விடை தெரிந்தும் சொல்லாவிடில் தலை சுக்குநூறாகும். சொன்னாலோ வேதாளம் மீண்டும் மரமேறிவிடும்.

அவ்வினாக்கள் எத்தகையவை என்று பாருங்கள். ஒரு பெண்ணை மூவர் விரும்பினர், அவள் இறந்தாள். ஒருவன் அவள் சாம்பலின்மேற் படுத்துக் காவலிருந்தான். ஒருவன் எலும்பைச் சுமந்து கங்கைக்குப் போனான். ஒருவன் உயிர்ப்பிக்கும் வித்தையைக் கற்று வந்து அவளை எழுப்பினான். கணவன் யார்? உயிர் கொடுத்தவன் தந்தைக்கு நிகர், எலும்பு சுமந்தவன் மகனுக்கு நிகர், சாம்பலைப் பிரியாதவனே கணவன் என்றான் அரசன். (எழுந்து வந்த பெண்ணைக் கேட்க வேண்டுமென்று அரசனுக்கும் தோன்றவில்லை, வேதாளத்திற்கும் தோன்றவில்லை. அது வேறு கட்டுரைக்குரியது.) தோள்வலியைச் சோதிக்கும் வினாவன்று அது, நியாயத்தைச் சோதிக்கும் வினா. ஆனால் இக்கதையமைப்பில் ஒரு குறையும் உண்டு. அரசன் சரியாகச் சொன்னாலும், சாமர்த்தியமாகச் சொன்னாலும் நடப்பது ஒன்றே: பிணம் மரத்திற்குத் திரும்பும், அரசனும் திரும்புவான். கடைசிக் கதையில், விடை அறியாது அவன் வாய்மூடி நடந்தபோதுதான் கதை திசை மாறுகிறது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம், பின்னால் தேவைப்படும்.

தவணை முறையிற் கதை சொல்லும் வித்தையும் பழையதே. டிக்கன்ஸ் 1836இல் ‘பிக்விக்’ கதையை மாதந்தோறும் சிறு புத்தகமாக விற்றார். கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் ‘பொன்னியின் செல்வ’னை எழுதினார். தவணைக் கதையின் பலம் அதன் இடைவெளியிலே இருக்கிறது. ஒரு வாரம் முழுதும் ஊரார் கூடி, அவன் என்ன ஆவான், இவள் என்ன செய்வாள் என்று வாதாடுவது கதையிற் பாதி. அதிவீரர்களோ 1938இல் சூப்பர்மேன், 1939இல் பேட்மேன் என்று அமெரிக்கப் படக்கதைகளிற் பிறந்தார்கள். தமிழில் 1972இல் சிவகாசியிலிருந்து வந்த ‘முத்து காமிக்ஸ்’ இரும்புக்கை மாயாவியைக் கொணர்ந்தது.

எஞ்சியிருந்தது, கேட்போரின் கையிலேயே கதையை ஒப்படைப்பது. 1967இல் மாண்ட்ரியல் நகர உலகப் பொருட்காட்சியில் செக்கோஸ்லோவாக்கிய நாட்டினர் ‘கினோஆட்டோமாட்’ என்ற ஒரு படக்காட்சி நடத்தினர். ராடூஸ் சின்செரா என்பவரின் ஏற்பாடு அது. ஒவ்வோர் இருக்கையிலும் இரு பொத்தான்கள். கதையின் சிக்கலான இடத்தில் படம் நிற்கும்; மேடையில் ஒருவர் தோன்றி, கதாநாயகன் என்ன செய்யட்டும் என்று கேட்பார்; பெரும்பான்மை வாக்குப்படி படம் தொடரும். சபையோர் தாமே கதையை ஆளுவதாக மகிழ்ந்தனர். ஆனால் உள்ளே இருந்த சூழ்ச்சி என்ன? இரண்டு படக்கருவிகள் ஒருசேர ஓடிக்கொண்டிருந்தன. வாக்குக்கு ஏற்ப ஒன்றன் ஒளியை மறைத்து மற்றதைக் காட்டினர். சிறிது தொலைவு சென்றதும் இரு கிளைகளும் ஒன்றாகிவிடும். எப்படி வாக்களித்தாலும் இறுதியில் அந்த அடுக்குமாடி வீடு தீப்பற்றியே தீரும்.

இதற்குக் காரணம் வஞ்சகமன்று, கணக்கு. ஒரு கதையில் பத்து இடங்களில் இவ்விரண்டு வழிகள் வைத்து, எதையும் மீண்டும் சேர்க்காமல் விட்டால், 1,024 முடிவுகள் எழுத வேண்டும். இருபது இடங்களானால் பத்து இலட்சத்திற்கும் மேல். எந்தக் கம்பெனியாலும் ஆகாது. ஆதலின் தெரிவு விளையாட்டு எழுதுவோன் எவனும் கிளைகளைப் பிரித்து, பிரித்த வேகத்திலேயே பின்னிக் கட்டுகிறான். அவன் திறமை, அந்த முடிச்சு நம் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதில் இருக்கிறது.

இத்திறமையில் தேர்ந்தவர்கள் கலிபோர்னியாவில் சான் ரபேல் என்னும் ஊரில் 2004இல் ஏற்பட்ட ‘டெல்டேல்’ கம்பெனியார். அவர்கள் 2012இல் ஐந்து பாகமாக வெளியிட்ட ‘வாக்கிங் டெட்’ உலகப் புகழ் பெற்றது. நாம் ஒரு சொல் சொன்னால், இன்னார் இதனை மறவார் என்று பொருள்படத் திரை மூலையில் ஓர் அறிவிப்பு வரும். அவ்வளவே! ஆனால் ஆடுபவன் நெஞ்சில் அது முள்ளாய்த் தைத்தது. விடை சொல்லச் சில நொடிகளே கொடுப்பர். பேசாதிருந்தால் அதுவும் ஒரு விடையாகக் கொள்ளப்படும். வேதாளத்தின் பேரப்பிள்ளைகள் என்று அவர்களைச் சொல்லலாம்.

2016இல் அவர்கள் பேட்மேன் கதையை எடுத்தனர். அதில் மெச்சத்தக்க துணிவு ஒன்றிருந்தது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கொலையுண்ட உத்தமராகவே போற்றப்பட்ட பேட்மேனின் தகப்பனாரை, கொடியோரோடு கூடிக் கொள்ளையடித்தவராக்கிக் காட்டினர். மகனின் செல்வமும் புகழும் பாவப் பணத்தில் எழுந்தவை என்றால் அவன் என் செய்வான்? நல்ல வினா. ஆனால் இரண்டாம் பாகத்தில் ஹார்வி டெண்ட் என்னும் நண்பனைக் காப்பதா, செலீனா என்னும் பெண்ணைக் காப்பதா என்று கேட்கிறார்கள். நண்பனைக் காத்தால் அவன் முகம் வெந்துபோகாமல் தப்பும். ஆனால் மனம் பேதலித்துக் கொடியவனாவது தப்பாது. முகம் நம் கையில், விதி அவர்கள் கையில்! தலையெழுத்தை மறுத்துப் பழகிய நமக்கு இது பொறுக்கவில்லை.

நியாயமாக மற்றொன்றையும் சொல்லவேண்டும். 2017இல் தொடங்கி 2018 மார்ச்சில் முடிந்த இரண்டாம் தொகுதியில், ஜோக்கர் என்னும் பகைவன் தொடக்கத்தில் நட்புக்கு ஏங்கும் ஒரு பித்தனாக வருகிறான். நாம் அவனை எவ்வாறு நடத்தினோம் என்பதைப் பொறுத்து, அவன் நம் பக்கம் நின்று முரட்டு நியாயம் பேசுபவனாகவோ, பழைய கொடியவனாகவோ மாறுகிறான். கடைசிப் பாகம் உண்மையிலேயே இரண்டாகப் பிரிகிறது. பத்துச் சிறு கிளைகளைத் தியாகம் செய்து ஒரு பெருங்கிளையை முழுமையாக வளர்த்தனர். இவ்வகைக் கதையிலே நாம் கண்ட சிறந்த வேலை அதுதான்.

அக்கம்பெனி என்னவாயிற்று? 2018 செப்டம்பர் 21ஆம் நாள் ஏறத்தாழ 250 ஊழியர்களை ஒரே நாளில், நட்டஈட்டுத் தொகை ஏதுமின்றி வெளியேற்றினர். ‘வாக்கிங் டெட்’ இறுதித் தொகுதி பாதியில் நின்றது. வேறொரு கம்பெனி எடுத்து 2019 மார்ச்சில் முடித்தது. முழுத் தொகுதிக்கும் முன்பணம் கட்டியோர் தவித்த தவிப்பு தவணைக் கதையின் பெருங்குறையைக் காட்டிற்று. அடுத்த வாரம் என்ற வாக்குறுதிக்குப் பின்னால் ஒரு கூலியாள் இருக்கிறான். அவன் சம்பளம் நின்றால் கதாநாயகனும் நின்றுபோவான்.

டெல்டேலிற் பணியாற்றிப் பழகியவர் சிலர் கூடி ‘அட்ஹாக்’ என்ற நிலையம் அமைத்து ஆக்கியதே நம் ‘டிஸ்பாச்’. கதாநாயகன் ராபர்ட் பாட்டன், தகப்பன், மகன் என மூன்று தலைமுறையாக ஓர் இயந்திரக் கவசத்துள் இருந்து போரிட்ட குடும்பத்தவன். கவசம் வெடித்துச் சிதறியபின் அவன் வெறும் மனிதன். பிழைப்புக்காக அதிவீரர்களை வேலைக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில், காதில் கருவி மாட்டி, மேசைக்கு முன் அமர்கிறான். அவன் கீழ் உள்ளவர்கள் முன்னாள் குற்றவாளிகள், திருந்த வாய்ப்பளிக்கப்பட்டவர்கள். தீயணைப்பா, திருட்டா, மரத்தில் ஏறிய பூனையா, அழைப்பு வந்ததும் யாரை அனுப்புவது என்று அவன், அதாவது நாம், தெரிந்தெடுக்க வேண்டும்.

அந்த மேசையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம். திரையில் நகரத்தின் வரைபடம். ஒவ்வொரு வீரருக்கும் சண்டைத்திறன், உடலுரம், விரைவு, பேச்சுவன்மை, அறிவு என ஐந்து குணங்கள். ஐங்கோணப் படமாக வரைந்திருக்கும். வேலைக்கும் ஓர் ஐங்கோணம் உண்டு. இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றனவோ அவ்வளவு வெற்றி வாய்ப்பு. போய்வந்தவர் இளைப்பாறும்வரை மறுபடி அனுப்ப இயலாது. நல்லவரை அற்ப வேலைக்கு அனுப்பிவிட்டால் பெரு வேலை வரும்போது கையில் ஆளிருக்காது. சிலர் சொன்னபடி கேளார்; தாமே வேறிடம் போய்விடுவர்.

விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மண்டோர் ஒருபுறம், செக்ரோல் நம் கையில். மேட்டு நிலத்திற்கு யார், தாழ்நிலத்து நிரைக்கு யார், குலை வெட்ட யார், உதிர்ந்த பழம் பொறுக்க யார்? கித்தா மரக் காலத்தில் நம் பாட்டனார் பால்வாளியோடு எதிர்ப்பக்கம் நின்றார். ஆங்கிலப் பள்ளி நம்மைக் கணக்குப் புத்தகத்தின் பக்கம் நிறுத்தியது. பாட்டனார் காலத்துக் கிராணி அவர் பெயருக்கு நேரே அரைநாள் என்று எழுதிய கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அனுப்புகிறவன் அனுப்பிவிட்டு மறந்துபோவான், அனுப்பப்பட்டவன் மறப்பதில்லை. இதனை ஒரு விளையாட்டு உணர்த்துகிறதே என்று முதலிரண்டு பாகங்களில் வியந்தோம். அதிவீரர் கதைகள் இதுவரை பறப்பவனையே பாடின. அவனை அனுப்பியவனைப் பாடவில்லை. இதுவே இவ்விளையாட்டின் தலையாய சிறப்பு. நடிப்பும் குரலும் சித்திரமும் திரைப்படத்திற்கு ஒப்பானவை. நகைச்சுவையும் உண்டு, ஆனால் ஆபாசப் பேச்சு அளவு மீறிப் போவதால், சிறுவர் இருக்கும் கூடத்தில் ஆடத்தக்கதன்று.

குறைக்கு வருவோம். மேசையில் நாம் செய்யும் வேலைக்கும் கதைக்கும் ஒட்டுறவு மிகக் குறைவு. நாள் முழுவதும் ஆளை மாற்றி மாற்றி அனுப்பிப் பாழ்செய்தாலும், அடுத்த காட்சி பெரும்பாலும் அதே காட்சிதான். அடிபட்ட வீரர் சிறிது கழித்து வரிசையில் வந்து நிற்கிறார்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு தோட்டத்தில், ஆள் எண்ணிக்கை குறைந்த ஒரு நாள், காய்ச்சல் என்று சொன்ன ஒருவரை நாம் மேட்டு நிலத்திற்கு அனுப்பினோம். மழை பெய்த சரிவு. குலையைச் சுமந்து இறங்கும்போது சறுக்கிக் கணுக்கால் முறிந்தது. அவர் பிழைத்தார், ஆனால் பழைய நடை வரவில்லை. அவர் மனைவியார் நம்மை ஒரு சொல்லும் கடிந்ததில்லை. கடைத்தெருவிற் கண்டால், “கிராணி ஐயா, சௌக்கியங்களா?” என்று கேட்பார். ஐங்கோணம் பார்த்து ஆளனுப்பும் விளையாட்டில், அந்த ஒரு விசாரிப்புக்கு இடம் வைத்திருந்தால், அதனைப் பேரிலக்கியம் என்றே எழுதியிருப்போம்.

மூன்றாம் பாகத்தில் குழுவிலிருந்து ஒருவரை நீக்கியாக வேண்டும் என்கிறார்கள். வௌவால் உருவெடுக்கும் சோனாரா, கொலைத்தொழில் விட்டு வந்த கூப்பே என்னும் பெண்ணா? இது வெறும் பேச்சன்று. நீக்கப்பட்டவர் பின்னர் பகைவர் கூட்டத்தில் நிற்பதைக் காண்கிறோம். திருந்த வந்தவனுக்கு வேலையில்லை என்று கதவடைத்தால் அவன் எங்கே போவான் என்ற வினா, கட்டுரை எழுதாமலே அங்கு எழுகிறது. அவ்வளவில் அது மிக நன்று. ஆனால் ஒருவரையும் நீக்கமாட்டேன் என்னும் மூன்றாவது விடை அங்கில்லை. யார் ஆணையிட்டார்கள், எதற்காக என்று துருவிக் கேட்க வழியில்லை. இருவரில் ஒருவரைச் சுட்டும் உரிமையைக் கொடுத்துவிட்டு, அதனைச் சுதந்தரம் என்று பெயரிடுகிறார்கள்.

நாம் இப்பாடத்தைத் தோட்டத்திலேயே படித்தவர்கள். நிலம் கைமாறி வீடுகள் எழும்பப்போகின்ற ஒரு தோட்டத்தில், ஆட்குறைப்புப் பெயர்ப்பட்டியலை எழுதும்படி நம்மிடம் கொடுத்தார்கள். சட்டம் இருக்கிறது; 1980ஆம் ஆண்டு விதிகளின்படி சேவை ஆண்டுக்கு இத்தனை நாட் சம்பளம் என்று கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். கணக்கிட்டோம். வரிசையில் யார் முதலில், யார் பின்னால் என்பது மட்டும் நம்மைக் கேட்கப்பட்டது. அன்று நாம் அந்தக் கேள்விக்கு விடை சொன்னோம். விக்கிரமாதித்தன் கடைசிக் கதையில் செய்ததுபோல வாய்மூடி நின்றிருக்கலாமென்பது பிற்பாடு தோன்றிய அறிவு.

இன்னொன்று. ‘டிஸ்பாச்’ உலகில் அதிவீரர் உதவி சந்தா கட்டியவர்க்கே கிடைக்கும். பணமில்லாதவன் வீடு எரிந்தால் என்னாகும்? அவ்வளவு கூரிய பொருளைக் கையிலெடுத்தவர்கள், நகைச்சுவைக்கு இரண்டொரு இடத்தில் பயன்படுத்திவிட்டுப் போய்விட்டார்கள். எட்டுப் பாகமும் தலா ஒரு மணி நேரம் அளவில் முடிந்துவிடுவதும் ஒரு காரணமாகலாம். குழுவிற் பலர் இரண்டொரு கேலிப் பேச்சோடு நின்றுவிடுகிறார்கள். முழுமையாய் வளர்ந்தவள் இன்விசிகல் ஒருத்தியே. மூச்சை அடக்கினால் மறைந்துபோகும் ஆற்றலுடையவள், முன்கோபி, தன்னைத் தீயவள் என்றே நம்பியிருப்பவள். நாம் அவளைத் தட்டிக்கொடுத்தோமா, குத்திக் காட்டினோமா என்பதைப் பொறுத்து இறுதியில் அவள் நல்வழியிலோ தீவழியிலோ நிற்கிறாள். ஜோக்கரிடம் கற்ற பாடத்தை மறவாமல், பெருங்கிளையை அவளுக்கே வைத்திருக்கிறார்கள்.

தமிழர்க்கு இவ்வித்தை கைவராது என்று எண்ணுவோர்க்காக ஒரு செய்தி. கனடாவின் டொராண்டோ நகரில் ஆக்கப்பட்டு 2023 ஜூலையில் வெளிவந்த ‘வெண்பா’ என்னும் விளையாட்டு, குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயையும் அவள் மகனையும், இட்லி முதலான சமையலையும் கொண்டு கதை சொல்லுகிறது. 2024இல் பிரிட்டிஷ் பாஃப்டா பரிசும் பெற்றது. அதிலே அதிவீரர் ஒருவருமில்லை; அழிந்துபோன சமையற் குறிப்பின் எழுத்துக்களை ஊகித்துச் சமைப்பதே வீரம். ‘டிஸ்பாச்’ அனுப்பும் மேசையைத் தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் போட்டுத் தமிழில் ஒருவன் எழுதினால் எப்படியிருக்கும் என்று தம்பியிடம் கேட்டோம். “எழுதலாம் அண்ணே. ஆனா செக்ரோல் யார் கையில இருக்கணும், கிராணி கையிலயா, மண்டோர் கையிலயா?” என்று திருப்பிக் கேட்டான். இன்னும் விடை சொல்லவில்லை.

அவன் ஊர் திரும்பிய பின், ஞாயிறு மாலைகளில் நம் வீட்டுத் திண்ணையில் பழைய லயத்து இளைஞர் ஒன்பது பேர் கூடுகிறார்கள். நாம் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்ல, அவர்கள் கைதூக்கி முடிவு செய்கிறார்கள். நீக்குவது சோனாரையா, கூப்பேயையா என்பதற்கு முக்கால் மணி நேரம் வாதம் நடந்தது. ஒரு பையன் இருவரையும் வைத்துக்கொண்டு சம்பளத்தைப் பகிர்ந்து கொடுக்கலாமே என்றான்; அதற்குப் பொத்தான் இல்லையென்று சொன்னோம். அவன் கை தூக்கவில்லை. ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் சோனார் நீக்கப்பட்டார். நான்காம் பாகம் வரும் ஞாயிறு.